ஆழத்தைத் தேடிய ஒலி

1955ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து இரண்டு மோட்டார்க் கார்கள் அயலிலுள்ள றென்புறூ என்னும் ஊருக்குச் சென்றன. சத்திரசிகிச்சையின்போது பெண்களின் வயிற்றிலிருந்து அண்மையில் அகற்றப்பட்ட கட்டிகள் அவற்றின் பின்பெட்டிகளில் இருந்தன. அவை சென்றடைந்த இடம், கொதிகலன்கள் செய்யும் பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் தொழிற்சாலை. உருக்கின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டா என அறிவதற்கு, செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கவனிக்கும் கருவியொன்றை அங்கே கையாண்டு வந்தனர். கட்டிகளைக் கொண்டுவந்தவர், முன்னைய ஆண்டிலே கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக நியமனம் பெற்ற இயன் டொனல்ட். உருக்கின் குறையைக் காட்டும் ஒலி மனித உடலின் குறையையும் காட்டுமா என்பதே அவர் கொண்டுவந்த வினா. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கெனத் தொழிற்சாலையார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்திருந்தனர். திரவம் நிறைந்த கட்டி ஒருவிதமாகவும், திண்மமான கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

இன்று கருப்பையிலுள்ள குழந்தையின் முகத்தையும், துடிக்கின்ற இதயத்தின் வால்வுகளையும் முப்பரிமாணத்திலே காட்டும் கழியொலிக் கருவிகள் பெரிய வைத்தியசாலைகளில் உள்ளன. வழக்கில் நாம் 'ஸ்கான்' என்று சொல்லும் பரிசோதனையின் வளர்ந்த வடிவமே இது. இதன் வரலாற்றைச் சில மேதைகளின் பெயர்ப் பட்டியலாகச் சொல்லிவிடுதல் எளிது. ஆயின், இக்கருவி எங்கிருந்து வந்தது, எத்தேவையினால் வளர்ந்தது, எவ்விடத்தில் தடைப்பட்டது, எவருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுப் பார்ப்போமாயின் வேறொரு வரலாறு புலனாகும். ஆழத்தைக் காணும் ஆற்றல் மனிதனுக்கு எவ்வாறு கிட்டியது என்பதும், அதே ஆற்றல் உண்மையை அறிவதற்கும் வெறும் விற்பனைக்கும் ஒருங்கே பயன்படுவது ஏன் என்பதும் அவ்வரலாற்றில் அடங்கியுள்ளன. அதனையே இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

மனிதச் செவி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கவல்லது. அதற்கு மேற்பட்டது கழியொலி. மருத்துவத்திலே பயன்படுவது பெரும்பாலும் செக்கனுக்குச் சில மில்லியன் அதிர்வுகளைக் கொண்ட ஒலியாகும். இதனை எழுப்பும் வழிக்கு 1880ஆம் ஆண்டிலேயே அடித்தளம் இடப்பட்டுவிட்டது. பாரிஸ் நகரிலே ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர் இருவர், குவாட்ஸ் முதலிய சில பளிங்குகளை அழுத்தும்போது அவற்றில் மின் தோன்றுவதைக் கண்டனர். மின்னைச் செலுத்தினால் அப்பளிங்குகள் தம் உருவில் மிகச் சிறிதளவு மாறுகின்றன என்பதையும் அடுத்த ஆண்டிலே காட்டினர். மின்னால் அதிர்ந்து ஒலியை எழுப்பவும், திரும்பிவரும் ஒலியால் அழுத்தப்பட்டு மின்னை எழுப்பவும் ஒரே பளிங்கினால் முடியும் என்பது இதன் பொருள். வாயும் செவியும் ஒன்றேயான கருவி இவ்வாறு கைக்கு எட்டியிருந்தும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கடலிலோ மருத்துவத்திலோ பயன்படுத்துவார் இல்லை.

1912 ஏப்பிரிலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கி, ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். எதிரொலியின் துணைகொண்டு பனிப்பாறையை முன்கூட்டியே அறியும் முறையொன்றுக்கு அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் லூயிஸ் றிச்சாட்சன் காப்புரிமை கோரினார். எனினும் யோசனை கருவியாகவில்லை. பயணிகளின் உயிருக்காகத் திறக்காத அரச கஜானா, யுத்தம் வந்ததும் திறந்தது. முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனிய நீர்மூழ்கிகள் நேசநாடுகளின் கப்பல்களை மூழ்கடித்தபோது, உருசிய நாட்டவரான கொன்ஸ்தந்தின் சிலோவ்ஸ்கி பிரெஞ்சு அரசுக்கு எதிரொலி முறையொன்றை எடுத்துரைத்தார். அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு பௌதிகப் பேராசிரியர் போல் லாஞ்சவெனிடம் ஒப்படைக்கப்பட்டது. கியூரி சகோதரரின் பளிங்கைக் கடலுக்குள் இறக்கி, நீர்மூழ்கியின் எதிரொலியைக் கேட்கும் கருவியை அவர் யுத்தகாலத்திலேயே ஆக்கினார்.

இந்த லாஞ்சவென் யார் என்பதையும் நம் வாசகர் அறிந்திருத்தல் தகும். பாசிசத்துக்கு எதிராகப் பிரெஞ்சு அறிவாளிகளைத் திரட்டியவர்களுள் அவரும் ஒருவர். 1940ஆம் ஆண்டு பாரிஸைக் கைப்பற்றிய நாஜிகள் அவரைச் சிறையிலிட்டனர். அவருடைய மருமகனும் பௌதிகவியலாளருமான ஜாக் சொலொமொன் 1942ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் ஒளஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944ஆம் ஆண்டில், எழுபதுக்கு மேற்பட்ட வயதில், லாஞ்சவென் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். யுத்தத்துக்காகக் கருவி செய்தவரின் உள்ளம் யுத்தவெறியர் பக்கம் இருக்கவில்லை. அவர் செய்த கருவியோ எவருடைய உள்ளத்தையும் கேளாமல் தன் வழியே சென்றது. 

அவ்வழி அடுத்ததாக ஆலைகளுக்குச் சென்றது. 1928ஆம் ஆண்டிலே லெனின்கிராட்டில் செர்கேய் சொக்கொலொவ், உலோகத்தின் ஊடாகக் கழியொலியைச் செலுத்தி அதன் உட்குறைகளை அறியலாம் என்று எடுத்துக்காட்டினார். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோய்ட் பயர்ஸ்ரன், மிகக் குறுகிய ஒலித்துடிப்பை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் கருவிக்கு 1940ஆம் ஆண்டு காப்புரிமை கோரினார். கொதிகலன் வெடித்தால் சாவது அதனருகே நிற்கும் தொழிலாளியே. கப்பலின் பொருத்து விட்டால் மூழ்குவது மாலுமியே. உலோகத்தின் உள்ளத்தை அறியவேண்டும் என்ற தேவை அவ்வளவு மெய்யானது. டொனல்ட் றென்புறூவிலே கண்ட கருவி இந்தப் பரம்பரையில் வந்ததாகும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது, றேடார் முதலியவற்றிற்காக வளர்ந்த இலத்திரனியல் அறிவும், பயனின்றிக் குவிந்துகிடந்த யுத்தத் தளபாடங்களும் ஆராய்ச்சியாளருக்குக் கிட்டின. அமெரிக்காவின் டென்வர் நகரிலே டக்ளஸ் ஹவ்றி என்னும் மருத்துவர், நோயாளியை நீர்த்தொட்டியில் அமர்த்தி அவரைச் சுற்றிப் பளிங்கை வலம்வரச் செய்து உடலின் குறுக்குவெட்டுப் படத்தைப் பெற்றார். பளிங்கை வலம்வரச் செய்தது பி-29 குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக் கூண்டிலிருந்து எடுத்த சுழல்வளையம். ஹிரோஷிமாவின்மீது அணுக்குண்டை வீசியதும் அவ்வகை விமானமே. சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முட் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகப் பரிசோதனைக்கான கருவியொன்றை இரவலாகப் பெற்று, 1953ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். வாதக் காய்ச்சலினால் இதயத்தின் இருகூர் வால்வு சுருங்கிப்போன நோயாளிகளை அறிவதே எட்லரின் நோக்கம். நெருக்கமான குடியிருப்புகளிலும் வறுமையிலும் பெருகும் நோய் அது என்பதை இங்கு குறித்துக்கொள்க. பின்னர் அதனிடம் மீளுவோம்.

மகப்பேற்று மருத்துவத்துக்கோ வேறொரு காரணமும் இருந்தது. கருப்பையுள் இருக்கும் சிசுவைப் பார்ப்பதற்கு அக்காலத்தில் எக்ஸ் கதிரே பயன்பட்டது. ஒக்ஸ்போட்டில் அலிஸ் ஸ்ரூவேட் என்னும் மருத்துவப் பெண்மணி, புற்றுநோயினால் இறந்த சிறுவர்களின் தாய்மாரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து விசாரித்து, கருவிலிருந்தபோது எக்ஸ் கதிருக்கு உள்ளான குழந்தைகளுக்குப் புற்றுநோய் ஏறத்தாழ இரட்டிப்பாக வருகிறது என்ற முடிவை 1956ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த காலம் அது; கதிர்வீச்சுக்கு எதிரான உண்மை அதிகார பீடங்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. அவருடைய முடிவு பொதுவாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் சென்றன. தாய்மாரின் வாய்மொழியிலிருந்து பெற்ற உண்மை, புதிய வழியொன்றை வேண்டி நின்றது.

கிளாஸ்கோவில் அவ்வழியைத் திறந்தவர் டொனல்ட் மட்டுமல்லர். கெல்வின் அன்ட் ஹியூஸ் கம்பனியில் வேலைபார்த்த ரொம் பிறவுண் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர், எவரோ ஒரு பேராசிரியர் உலோகக் கருவியை மனிதர்மீது பயன்படுத்துகிறார் என்று 1956ஆம் ஆண்டு கேள்வியுற்று, தொலைபேசிப் புத்தகத்தில் பெயரைத் தேடி அவரை அழைத்தார். அவர் சென்று கண்டது குறைபாடுள்ள ஒரு பழைய கருவி. கம்பனியிலிருந்து நல்ல கருவியொன்றை இரவல் வாங்கிக் கொடுத்ததோடு நில்லாமல், பளிங்கின் இடத்தையும் திசையையும் ஓயாது கணித்து எதிரொலிகளைத் திரையில் உரிய இடத்திற் புள்ளிகளாக இடும் புதிய கருவியையும் அவரே அமைத்தார். அதன் முதல் வடிவத்தில் வைத்தியசாலைக் கட்டில் மேசையொன்றும் ஓர் உறுப்பாயிற்று. டொனல்ட், ஜோன் மக்விக்கர், பிறவுண் ஆகிய மூவரின் பெயரில் 1958ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான கட்டுரையே மகப்பேற்றுக் கழியொலியின் தொடக்கம் எனலாம். இரு மருத்துவரோடு ஒரு பொறியியல் இளைஞரின் பெயரும் சமமாக அச்சேறியமை குறிப்பிடத்தக்கது.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றை டொனல்ட் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். வயிறு பெருத்த பெண்ணொருவர், இரைப்பையில் அறுவைக்கு அப்பாற்பட்ட புற்றுநோய் உடையவர் என்று தீர்மானிக்கப்பட்டு, சாவை எதிர்நோக்கியிருந்தார். வயிற்றிலே பரவியிருந்தது புற்றுநோய் நீர் என எண்ணப்பட்டது. கருவியோ, தெளிவான எல்லையுடைய ஒரு பெருங்கட்டியையே காட்டியது. அறுவை செய்து பார்த்தபோது அது சூலகத்தில் வளர்ந்த நீர்க்கட்டி. அகற்றப்பட்டது, அப்பெண் பிழைத்தார். அதுவரை ஏளனமாக நோக்கிய சக மருத்துவர்கள் அதன்பின் நோயாளிகளை அனுப்பத் தொடங்கினர்.

இவ்வாறு கிடைத்த படமோ தட்டையானது. ஒரு கத்தியினால் உடலை ஒருமுறை வெட்டி, வெட்டுமுகத்தை மட்டும் பார்ப்பதற்கு அது ஒப்பாகும். முழு உறுப்பையும் அறிவதற்கு மருத்துவர் கருவியை அசைத்து அசைத்துப் பல வெட்டுமுகங்களைக் கண்டு, மூன்றாம் பரிமாணத்தைத் தம் மனத்திலே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. கைதேர்ந்தவர் மனத்தில் எழும் உருவம் பிறருக்குப் புலப்படாது. ஒருவர் பிழையாகக் கட்டினால் மற்றவர் திருத்தவும் இயலாது. அறிவு தனியொருவரின் மனத்துக்குள் அடைபட்டிருக்கும் நிலை இது. மூன்றாம் பரிமாணத்தைத் திரைக்குக் கொண்டுவருதல், அந்த அறிவைப் பொதுவாக்கும் முயற்சியுமாகும்.

முயன்றவர்களுள் முன்னோடி அதே ரொம் பிறவுண். கெல்வின் அன்ட் ஹியூஸ் தன் கிளாஸ்கோ ஆலையை 1960களின் பிற்பகுதியில் மூடியது. தொழிலாளரும் பொறியியலாளரும் சிதறினர். கருவியின் உரிமை வேறு கம்பனிக்குச் சென்றது. 1973ஆம் ஆண்டளவில் சொனிக்கெயிட் என்னும் கம்பனியில் சேர்ந்த பிறவுண், பல தளங்களில் எதிரொலிகளைச் சேகரித்து, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி ஆழத்தை உணர்த்தும் கருவியொன்றை அமைத்தார். தொழில்நுட்பத்தால் அது தன் காலத்துக்கு மிகவும் முற்பட்டது. சந்தையிலோ அது தோல்வியுற்றது, திட்டம் கைவிடப்பட்டது, பிறவுண் அத்துறையை விட்டே விலகினார். மருத்துவக் கழியொலிக்கு உருக்கொடுத்தவர்களுள் ஒருவர், அதன் அடுத்த படியை எடுத்துவைக்கும் வேளையில் வெளியே நிற்க நேர்ந்தது. ஒரு கருவியின் பயன் எத்தகையது என்பதை அது விலைபோகும் வேகத்தைக் கொண்டு அளக்கும் சமுதாயத்தில், காலத்துக்கு முந்தி வருதலும் ஒரு குற்றமாகிவிடுகிறது.

சந்தை மட்டுமே தடையாக இருந்தது என்று சொல்வது நேர்மையாகாது. இயற்கையும் ஒரு தடையை வைத்திருந்தது. மென்மையான உடற்பகுதிகளில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்திற் செல்கிறது. 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சென்று திரும்புவதற்கு அது செக்கனில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு செக்கனில் ஏறத்தாழ 5,000 கோடுகளையே ஒலியால் வரைய முடியும். தட்டையான படத்துக்கு 100 கோடுகள் போதுமெனில், செக்கனுக்கு 50 படங்கள் கிடைக்கும். அசைவு தெளிவாகத் தெரியும். ஆழமும் வேண்டுமாயின் 100 வெட்டுமுகங்கள் வேண்டும். அதாவது 10,000 கோடுகள். ஒரேயொரு முப்பரிமாணப் படத்துக்கு இரண்டு செக்கன்கள் சென்றுவிடும். அதற்குள் இதயம் இருமுறையோ மும்முறையோ துடித்துவிடும். ஒலியை விரைவுபடுத்த எவராலும் இயலாது. சேகரித்த பல்லாயிரம் எதிரொலிகளை நினைவில் வைத்துக் கணிக்கும் ஆற்றலும் பிறவுணின் காலத்துக் கணினிகளுக்குப் போதுமான அளவு இருக்கவில்லை.

ஆகவே, அசையாத அல்லது மெல்ல அசையும் உறுப்பிலிருந்தே வெற்றி தொடங்கியது. தோக்கியோவிலே கசுனோரி பாபா என்னும் மகப்பேற்று மருத்துவர், கருவி செல்லும் பாதையைப் பதிவு செய்து, தட்டையான படங்களை வரிசையாக அடுக்கிக் கணினியினால் ஒன்றிணைத்து, 1986ஆம் ஆண்டில் சிசுவின் முப்பரிமாண உருவத்தைப் பெற்றார். 1989ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் சிப்வ் என்னும் சிற்றூரிலிருந்த கிறெற்ஸ்ரெக்னிக் கம்பனி, முப்பரிமாணக் கழியொலிக் கருவியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கம்பனி 1996ஆம் ஆண்டு கொரிய முதலாளிகளிடமும், 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் என்னும் பெருநிறுவனத்திடமும் கைமாறியது. சிறு பட்டறைகளிற் பிறந்த அறிவு பெருமூலதனத்தின் கையிற் குவியும் பொது நியதிக்கு இத்துறையும் விலக்காகவில்லை. துடிக்கும் இதயத்துக்கான வழியைக் கண்டவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலாப் வொன் றாமும் ஸ்ரீபன் சிமித்துமாவர். கோடு கோடாக ஒலியை அனுப்பாமல், அகன்ற ஒலிக்கற்றையொன்றை அனுப்பி, அதன் எதிரொலியைப் பல திசைகளில் ஒரே வேளையிற் கேட்கும் முறையை அவர்கள் கையாண்டனர். ஒலியின் வேகத்தை மாற்ற இயலாதபோது, கேட்கும் செவிகளைப் பெருக்கினர். 1991ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இதயத்தை அது துடிக்கும்போதே முப்பரிமாணத்திற் காணும் கருவிகளுக்கு வழிவகுத்தது.

இம்மூன்றாம் பரிமாணத்தினால் மருத்துவம் உண்மையிற் பெற்றது யாது? அழகிய படம் மட்டுமா? இதற்கு விடை கூறுவது இருகூர் வால்வின் கதையாகும்.

இதயத்தின் இடப்பக்கத்திலே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் அமைந்துள்ள இவ்வால்வின் இதழ்கள், இதயம் சுருங்கும்போது மேலறைப் பக்கமாகப் பிதுங்குவது ஒரு நோய். 1970களிலும் 1980களிலும் தட்டையான கழியொலிப் படத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, 100 பேரில் 5 முதல் 15 பேர் வரை இந்நோய் உடையவர் என்ற கணக்குகள் வெளியாயின. எவ்வித வருத்தமும் இல்லாத இளைஞரும் இளம்பெண்களும் இதய நோயாளிகள் எனப் பெயர்பெற்றனர். பொஸ்ரன் நகரின் றொபேட் லெவினும் அவர்தம் சகாக்களும் இதனை ஐயுற்றனர். வால்வைச் சுற்றியுள்ள வளையம் தட்டையானது என்ற எண்ணத்தின் மீதே அந்நோய்நிர்ணயம் நின்றது. பல வெட்டுமுகங்களை ஒன்றிணைத்து முப்பரிமாண உருவை அவர்கள் அமைத்துப் பார்த்தபோது, அவ்வளையம் குதிரைச் சேணத்தின் வடிவில் வளைந்திருக்கக் காணப்பட்டது. சேணத்துக்கு இரு மேடுகளும் இரு தாழ்வுகளும் உண்டு. தாழ்வுகளின் ஊடாக வெட்டிப் பார்த்தால், ஆரோக்கியமான இதழும் வளையத்துக்கு மேலே பிதுங்கியதுபோலத் தோன்றும். மேடுகளின் ஊடாக வெட்டினால் அப்பிதுக்கம் மறைந்துவிடும். 1987ஆம் ஆண்டிலும் 1989ஆம் ஆண்டிலும் வெளியான இவ்வாய்வுகளின் பின் நோய்நிர்ணய விதிகள் திருத்தப்பட்டன. புதிய விதிகளின்படி அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரிலே நடத்திய ஆய்வொன்று, இந்நோய் உடையவர் 100க்கு 2.4 பேரே என்று 1999ஆம் ஆண்டு காட்டியது.

இதன் கருத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும். தட்டையான படம் பொய் சொல்லவில்லை. அவ்வெட்டுமுகத்தில் அது காட்டியது மெய்யே. ஒரு பக்கத்தை முழுமையெனக் கொண்டமையே பிழை. ஒரு பொருளை அதன் எல்லாப் பக்கங்களோடும் தொடர்புகளோடும் அறியவேண்டும் என்பது தத்துவ நூல்களில் மட்டும் படிக்கும் பாடமன்று. அதனை மறந்தபோது, ஆரோக்கியமானவர் பலர் நோயாளியென்ற பட்டத்தைச் சுமந்தனர்.

இவ்வகைப் பயன்கள் வேறும் உள. எட்லர் ஆராயத் தொடங்கிய வாதக் காய்ச்சல் வால்வையே எடுத்துக்கொள்வோம். சுருங்கிய வால்வின் திறப்பு ஒரு புனலின் அடிவாய் போன்றது. அவ்வடிவாயின் பரப்பைக் கொண்டே சிகிச்சை தீர்மானிக்கப்படும். தட்டையான படத்திலே சற்று மேலே வெட்டிவிட்டால் திறப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். நோயின் கடுமை மறைந்துவிடும். முப்பரிமாணப் படத்திலோ சேகரித்த முழு உருவினுள் வெட்டுத்தளத்தைத் திருப்பித் திருப்பி, மிகக் குறுகிய இடத்தையே அளக்கலாம். மீண்டும் மீண்டும் கருச்சிதைவுக்கு உள்ளாகும் பெண்களின் நிலையும் அத்தகையது. கருப்பையின் உள்ளே பிறவிச் சுவர் இருப்பதும், கருப்பையே மேற்பாகத்தில் இரண்டாகப் பிளந்திருப்பதும் உட்புறத்தைப் பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும். முன்னதைக் கருப்பை வாயிலின் வழியாகவே அகற்றலாம். பின்னதில் அவ்வாறு வெட்டுவது ஆபத்து. வேறுபாட்டை அறிய வெளிவடிவையும் பார்த்தாக வேண்டும். அதற்கு முன்னர் வயிற்றைத் துளைத்துக் கருவியைச் செலுத்தினர். இன்று முப்பரிமாணப் பதிவிலிருந்து அத்தளத்தை வெட்டியெடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

ஆயின், பொதுமக்கள் முப்பரிமாண ஸ்கான் என்றதும் நினைப்பது இவற்றையன்று; விளம்பரத்தில் வரும் சிசுவின் முகத்தையே. பிளவுண்ட உதடு முதலிய சில குறைகளை அறிவதற்கு அம்முகப் படம் உதவுகிறது என்பது மெய். எனினும், மருத்துவத் தேவை எதுவுமின்றி, ஞாபகப் படமாக விற்பதற்கென்றே பல நாடுகளிற் கடைகள் திறக்கப்பட்டன. இத்தகைய படங்களைத் தவிர்க்குமாறு 2014ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தாயின் இயல்பான ஆவலையும் அச்சத்தையும் பண்டமாக்கும் வணிகம் இது.

இதனினும் கொடியது நமது அயல்நாட்டில் நிகழ்ந்தது. இந்தியாவில் சிசுவின் பாலை முன்னறிந்து பெண் சிசுவை அழிக்கும் வழக்கத்துக்குக் கழியொலிக் கருவி துணையாயிற்று. அதற்குச் சாதாரணத் தட்டைப் படமே போதுமாயிருந்தது. பாலறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 2003ஆம் ஆண்டு மேலும் இறுக்கப்பட்டது. எனினும், ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண்களுக்கு 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 945 ஆக இருந்த பெண்களின் தொகை, 2001ஆம் ஆண்டில் 927 ஆகக் குறைந்தது. பெண்ணைச் சுமையாக்கிய சீதனமும் சொத்துரிமையும் கருவிக்கு முன்பே இருந்தன. கருவி அவற்றுக்குக் கண்ணைக் கொடுத்தது. சீதனத்தை ஒழிக்காத சமுதாயத்தில் கருவியை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுதல் அரைகுறை நீதியாகவே அமையும். அதுபோல, கருவி நடுநிலையானது, அதனைப் பயன்படுத்துவோரே பொறுப்பு என்று கூறிக் கைகழுவி, விற்பனையைப் பெருக்கிய கம்பனிகளையும் காசு வாங்கிய மருத்துவரையும் தப்பவிடுதலும் நேர்மையன்று.

டொனல்டைப் பற்றியும் இங்கு ஒரு சொல். ஆழ்ந்த கிறித்துவ நம்பிக்கையுடைய அவர், பெண்களுக்குக் கருக்கலைப்பு உரிமையை ஓரளவு வழங்கிய 1967ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அதில் நாம் அவருடன் உடன்படவேண்டும் என்பதில்லை. கொதிகலன் தொழிற்சாலையின் வாசலைத் தட்டி, கைத்தொழிலின் அறிவைப் பெண்களின் நோய் தீர்க்கக் கொண்டுவந்த பணி அதனாற் குறைந்துவிடாது. மனிதரையும் ஒரு வெட்டுமுகத்தில் மட்டும் பார்த்தல் ஆகாது.

இறுதியாக ஒரு வினா எஞ்சுகிறது. ஆழத்தைக் காணும் இக்கண் எவருக்குத் திறந்திருக்கிறது? உலக மக்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு எக்ஸ் கதிர், கழியொலி போன்ற நோயறி படவசதிகளே கிட்டுவதில்லை என அமெரிக்கக் கண்டங்களின் சுகாதார நிறுவனம் 2012ஆம் ஆண்டு கூறியது. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 24 வாரங்களுக்கு முன் ஒரு தடவையேனும் கழியொலிப் பரிசோதனை வேண்டும் என 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஒரு தடவை, அதுவும் தட்டைப் படமே. அதற்கும் வழியற்ற கிராமங்கள் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் எண்ணில. 2018ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை வாதக் காய்ச்சல் இதய நோயைப் பற்றித் தனித் தீர்மானமொன்றை நிறைவேற்ற வேண்டியிருந்தது. எட்லரின் பதிவுக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும், செல்வ நாடுகளிற் பெரும்பாலும் மறைந்துவிட்ட அந்நோய் வறியவரின் வீடுகளை விட்டு அகலவில்லை. அவ்வால்வின் மிகக் குறுகிய வாயை அளக்கவல்ல கருவி, அந்நோய் அரிதாகிவிட்ட நாடுகளிலே நிறைந்திருக்கிறது. அது மலிந்த இடங்களிலே இல்லை.

கியூரி சகோதரரின் பளிங்கு, லாஞ்சவெனின் கடல், சொக்கொலொவின் உலோகம், றென்புறூத் தொழிலாளரின் கொதிகலன், அலிஸ் ஸ்ரூவேட்டிடம் தம் துயரைச் சொன்ன தாய்மார், பிறவுணின் கைவிடப்பட்ட கருவி, பாபாவின் கணினி என, நாடும் மொழியும் வர்க்கமும் வேறான பலரின் உழைப்பு இக்கருவியிற் கலந்துள்ளது. பலர் கூடி ஆக்கிய பொருள் சிலரின் சொத்தாக நிற்பதே இவ்வரலாற்றின் தீராத முரண்பாடு. வகுப்பறையிலே எதிரொலியைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒலியின் வேகத்தைக் கரும்பலகையில் எழுதியபின், அவ்வொலி எத்தனை பேரின் வாசலை இன்னும் எட்டவில்லை என்பதையும் மாணவரைக் கேட்கச் செய்வாராயின், அப்பாடம் முழுமை பெறும்.